கொள்ளு ஊறும் இரவு

புதுச்சேரியின் நினைவில் குதிரைக்குப் பல இடம் உண்டு; குதிரைக்காரருக்கு ஓரிடமும் இல்லை. இந்த ஊரின் நினைவு என்றால் முதலில் கைக்கு வருவது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736-ல் தொடங்கி 1761 வரை, கப்பல் வந்தது, சரக்கு விலைபோனது, கோட்டைக்குள் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று ஓர் ஊரின் கால் நூற்றாண்டை அவர் எழுதி வைத்தார். அந்தப் பிள்ளைக்குத் தக்காணத்து நிஜாம் முசாபர் சங் கொடுத்த மரியாதைகளில் ஒன்று, மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்ற பட்டம். அந்த மூவாயிரம் குதிரையும் எந்த லாயத்திலும் நின்று புல் தின்றதில்லை. ஒரு மனிதரின் அந்தஸ்தை அளக்க வைத்த எண் அது. 1761 ஜனவரியில் பிள்ளை காலமான சில நாட்களில் பிரெஞ்சுக்காரரின் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்கு முந்தைய முற்றுகை மாதங்களில் கோட்டைக்குள் தானியம் தீர்ந்து, யானையும் குதிரையும் ஒட்டகமும் அடுப்பேறின. பிற்காலத்து வெள்ளையர் தெருக்களில் துரைமார் போய்வரப் பல்லக்கும், ஆட்கள் பின்னாலிருந்து தள்ளும் புஷ்புஷ் வண்டியும் இருந்தன. குதிரை இழுக்க வேண்டியதை மனிதர் தள்ளிய அந்த வண்டியை இன்றும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஊரை விட்டு வெளியே வந்தால் அய்யனார் கோயில்களில் சுட்ட மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். பட்டமாகவும் பசிக்கு உணவாகவும் சாமியின் வாகனமாகவும் குதிரையை நினைவில் வைத்திருக்கும் ஊருக்கு, விடியுமுன் எழுந்து அதற்குத் தண்ணீர் காட்டியவரின் பெயர் ஒன்றுகூட நினைவில்லை.

இந்த மறதியைப் புண்பட்ட மனத்தின் முறையீடாக நான் சொல்லவில்லை. மறதிக்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைக் குதிரைகள் உயிராகக் கொடுத்திருக்கின்றன என்பதே நான் சொல்ல வருவது. குதிரைப் பண்ணை என்றதும் நாம் வம்சம் பேசுகிறோம், இரத்தம் பேசுகிறோம், எத்தனை லட்சத்துக்கு விலைபோயிற்று என்று பேசுகிறோம். குதிரையை உண்டாக்குவது பொலிகுதிரையும் பெட்டையும் என்பது உண்மைதான். ஆனால் உண்டானதை உயிரோடு நிறுத்துவது, நாள் தவறாமல் செய்யப்படும் சின்னச் சின்ன வேலைகள். அந்த வேலை தெரிந்த கைகள் இருந்த இடத்தில் குதிரை பெருகியது. அவை இல்லாத இடத்தில் எத்தனை ஆயிரம் குதிரை வந்து இறங்கினாலும் அழிந்தது. தமிழ்நாட்டுக் குதிரை வரலாறு முழுவதையும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடக்கிவிட முடியும் என்று நம்புகிறேன்.

ஒரு பண்ணையின் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே இது விளங்கும். வேலை காலையில் தொடங்குவதாகத் தோன்றும்; உண்மையில் அது முந்தின இரவே, கொள்ளை ஊறப்போடும்போது தொடங்கிவிடுகிறது. இன்றைய பெரிய பண்ணைகளில் ஓட்ஸும் பார்லியும் மூட்டைக் கணக்கில் வந்துவிட்டன. ஆனாலும் தென்னிந்திய லாயங்களின் பழைய தீனி கொள்ளுதான். அதை ஊறவைத்து, வேகவைத்து, தவிடும் உப்பும் சேர்த்துப் பிசைவதில் ஒரு பக்குவம் உண்டு. பசுந்தீவனத்தில் ஒன்றுக்குக் குதிரைமசால் என்றே நம் விவசாயிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். மொழிக்கு இருக்கும் நினைவு ஊருக்கு இல்லை. இருட்டுப் பிரியும் நேரத்தில் குதிரைக்காரர் கொட்டடிக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது குதிரையின் முகத்தை அல்ல, தீனித்தொட்டியையும் தரையையும். தொட்டியில் தீனி மிஞ்சியிருக்கிறதா, சாணி வழக்கம்போல் விழுந்திருக்கிறதா, உருண்டை ஈரமாக இருக்கிறதா காய்ந்திருக்கிறதா, வைக்கோல் புரண்டு கலைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு நான்கு கால்களையும் குளம்பிலிருந்து மேலே தடவிக்கொண்டு போவார். ஒரு காலில் மட்டும் சூடு தெரிந்தால் அன்றைக்கு அந்தக் குதிரைக்கு ஓட்டம் கிடையாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை மிகச் சிறியது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் உலகம் முழுக்கக் குதிரைகளை அதிகமாகக் கொல்லும் நோய்களில் வயிற்றுச்சூலை முன்னால் நிற்கிறது. சூலையின் முதல் அடையாளம் ஒரு வேளைத் தீனி மிஞ்சுவதும், இரண்டு முறை விழ வேண்டிய சாணி விழாமல் போவதும். மருத்துவர் வருவதற்குள் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர், நேற்று அந்தத் தொட்டி எப்படி இருந்தது என்று அறிந்தவர் மட்டுமே.

குட்டி ஈனும் இரவு இன்னும் தெளிவான சாட்சி. குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம், 340 நாள் என்பது பொதுக்கணக்கு. சில குதிரைகள் இரண்டு மூன்று வாரம் முன்பின்னாகவும் போகும். பெரும்பாலான குதிரைகள் இரவில்தான் ஈனும். அதிலும் ஆள் அரவம் அடங்கும்வரை பிரசவத்தைத் தள்ளிப்போடும் சக்தி அவற்றுக்கு உண்டு. ஆகவே காவல் இருப்பவர் இருக்கவும் வேண்டும், இருப்பது தெரியவும் கூடாது. மடிக்காம்பின் நுனியில் மெழுகு போலத் துளி கட்டினால் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். பனிக்குடம் உடைந்த பின் எல்லாம் அரைமணி நேரத்துக்குள் முடிய வேண்டும், முடியாவிட்டால் ஆபத்து. பிறகு பண்ணைக்காரர்கள் மணி பார்த்துக் கணக்கு வைப்பார்கள்: ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணியில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணியில் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே ஓரளவு நோய் எதிர்ப்பைப் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. குதிரைக்குட்டிக்கு அது கிடையாது. சீம்பால் வழியாகத்தான் கிடைக்கும். அதையும் குட்டியின் குடல் முதல் நாள் மட்டுமே உள்ளே விடும், அதிலும் முதல் சில மணி நேரமே சிறந்தது. எழுந்து நின்ற குட்டி மடியைத் தேடித் தாயின் முன்னங்கால் பக்கம் போய் முட்டிக்கொண்டிருக்கும். தாய்க்கு அது தலைச்சன் ஈற்றாக இருந்தால் கூச்சத்தில் அது உதைக்கவும் செய்யும். அப்போது தாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே குட்டியின் வாயைக் காம்பருகே கொண்டுபோகும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அந்த நேரத்தில் தூங்கிவிட்டால், மூன்று தலைமுறை பந்தயம் ஜெயித்த வம்சம் ஒரு வாரத்தில் காய்ச்சலில் போய்விடும்.

கவனிக்கத் தெரிந்த கை இல்லாமல் குதிரைகள் மடிவது நம் கடற்கரையில் பெரிய அளவில் நடந்தே முடிந்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரை வாங்குவதாகவும், அவருடைய சகோதரர்களும் அதுபோலவே வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் மிகச் சிலவே உயிரோடு மிஞ்சுவதாகவும் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை என்றும், ஒன்றுக்கு 220 தீனார் என்றும், கடல்வழியில் செத்த குதிரைக்கும் அரசரே விலை கொடுக்கும் ஒப்பந்தம் இருந்தது என்றும் குறித்திருக்கிறார். எண்களில் மிகை இருக்கலாம். எண்கள் காட்டும் திசையில் மிகை இல்லை. காயல் துறைமுகத்தில் இறங்கிய பொன் போன்ற குதிரைகளுக்கு வேகவைத்த சோறும் கறியும் ஊட்டினார்கள் என்று போலோ சொல்வதைப் படிக்கும்போது மனம் பதறுகிறது. புல் தின்னப் படைக்கப்பட்ட வயிற்றுக்கு, விருந்தாளிக்குப் போடும் சாப்பாடு போடப்பட்டிருக்கிறது. அன்பு இருந்திருக்கிறது, அறிவு இல்லை. அதைவிட முக்கியமான ஒரு செய்தியையும் அவர் சொல்லுகிறார்: குதிரை வணிகர்கள் குதிரை வைத்தியர்களை இந்தக் கரைக்கு வரவிடுவதில்லை, ஏனென்றால் குதிரை சாகச் சாகத்தான் அவர்களுக்கு வியாபாரம். இது உண்மையானால் பாண்டியர் கருவூலத்தைக் காலி செய்தது குதிரையின் விலையே என்று சொல்ல முடியாது. ஒரு கைத்தொழில் கரையேறாமல் தடுக்கப்பட்டதே காரணம். மாணிக்கவாசகர் கதையையும் நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருள் கோயிலுக்குப் போய்விட, இறைவனே குதிரைச் சேவகனாக வந்து நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து ஒப்படைக்கிறான். அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் கொன்றுவிட்டு ஓடுகின்றன. பக்தியின் பொருள் பக்தர்களுக்குத் தெரியும். ஆனால் நேற்று நிறைந்திருந்த லாயம் இன்று காலை வெறிச்சோடிக் கிடக்கும் காட்சி, அதைக் கேட்ட மக்களுக்குப் புதிதாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. கதையில் கடவுள் எடுத்துக்கொண்ட வேடம் அரசன் அல்ல, குதிரைச் சேவகன் என்பதையும் நாம் கவனிக்காமல் கடந்துவிட்டோம்.

இதற்கு உடனே வரும் மறுப்பு, தட்பவெப்பம். போலோவே அதைச் சொன்னார்: இந்த நாட்டில் உயர்ந்த பெட்டையோடு உயர்ந்த பொலிகுதிரையைச் சேர்த்தாலும் கால் திருகிய சின்னக் குட்டிதான் பிறக்கிறது, மண்ணும் வெயிலும் குதிரைக்கு ஆகாது என்று. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. குதிரை வியர்வையால் உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும் பிராணி. புதுச்சேரி போன்ற கடலோர ஊரில், சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் வியர்வை காயவே காயாது. குளிர் நாட்டிலிருந்து வந்த குதிரைகள் சில, நாளடைவில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். வியர்க்காத குதிரை உள்ளுக்குள் வெந்துபோகும். இது மருத்துவ உண்மை. ஆனால் இதே தெற்கில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1824-ல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குக் குதிரை வளர்க்க 1600 ஏக்கருக்கு மேல் பண்ணை அமைத்தது. இன்று அது மாவட்டக் கால்நடைப் பண்ணை. ஹைதர், திப்பு காலத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் குணிகல் பண்ணை, துமகூரு மாவட்டத்தில் இரண்டு நூற்றாண்டு கடந்து பந்தயக் குதிரைகளை ஈன்றது. அவை மேட்டுநிலம், குளிர்ச்சி அதிகம் என்பார்கள். சரி, மேட்டுநிலத்தை விட்டுவிட்டுக் கடலுக்கே வருவோம். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவு, பவளப்பாறைத் தீவு. மலை இல்லை, ஆறு இல்லை, வெயில் நம் வெயிலேதான். போர்த்துக்கீசர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கிலேய அரசின் அதிகாரி நடத்திய குதிரை வளர்ப்பு அங்கே இருந்தது. பவளக்கல்லால் கட்டிய லாயத்தின் தூண்களும், சாராப்பிட்டியில் நல்ல தண்ணீர்க் கிணறுகளும் இன்றும் இருக்கின்றன. பண்ணை ஒழிந்த பிறகும் அந்தக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் தீவின் வெட்டவெளியில் தாமாகவே பெருகிவிட்டன.

நெடுந்தீவு இரண்டு பக்கமும் பேசும் சாட்சி, அதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே குதிரை உருவத்தில் சிறுத்தது உண்மை. வெயிலும் உப்புக்காற்றும் குறைந்த புல்லும் உடம்பைக் குறுக்கின. ஆகவே இந்தக் கரை எந்த அளவுக் குதிரையைத் தாங்கும் என்பதில் தட்பவெப்பத்துக்குச் சொல் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாங்கிய குதிரை வாழுமா சாகுமா என்பதை அது தீர்மானிக்கவில்லை. கடும் வறட்சியில் குட்டைகள் வற்றும்போது அந்த மட்டக்குதிரைகள் மடிவதும், மனிதர்கள் தண்ணீரைத் தொட்டிகளில் நிரப்பி வைத்தால் பிழைப்பதும் நம் காலத்திலேயே நடக்கின்றன. லாயக் கிணறும் தொட்டியும் கட்டிய பழைய பண்ணைக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஒரு குதிரை நாளொன்றுக்கு முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும். நூறு குதிரைக்கு அதை இறைத்து ஊற்றியவர்கள் அந்தத் தீவின் தமிழர்களாகத்தான் இருந்திருக்க முடியும். கல் தூண் நிற்கிறது, அதிகாரியின் பெயர் நிற்கிறது, இறைத்தவர்கள் நிற்கவில்லை.

இன்னொரு மறுப்பு வம்சத்தின் பக்கமிருந்து வரும். இன்றைய பந்தயக் குதிரைகள் எல்லாமே ஆண்வழியில் பயர்லி துருக்கன், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்ற மூன்று பொலிகுதிரைகளுக்குள் போய் முடிகின்றன. இரத்தம் இல்லாமல் கை மட்டும் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கழுதையைத் தேய்த்துத் தேய்த்துக் குதிரை ஆக்கிவிட முடியாதுதான். ஆனால் இரத்தத்தின் மேல் நமக்கிருக்கும் நம்பிக்கை எப்படிப்பட்டது என்பதை ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் பார்க்கலாம். மார்வாரியும் கத்தியவாரியும் வந்து நிற்கும் அந்தச் சந்தையில் வாங்க வருபவர் முதலில் தேடுவது சுழி. நெற்றியில் எங்கே, கழுத்தில் எங்கே, நெஞ்சில் எங்கே என்று மயிர்ச்சுழியை விரலால் தடவிப் பார்த்து, ஒரு சுழி இடம் மாறியிருந்தால் ஆயிரக்கணக்கில் விலையைக் குறைப்பார்கள், அல்லது வேண்டாம் என்று நகர்ந்துவிடுவார்கள். தாய் தகப்பன் பெயரைக் கேட்பார்கள். குட்டியாக இருந்தபோது யார் வளர்த்தது, எத்தனை மாதத்தில் பால் மறக்கடித்தது, குளம்பு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை சீவப்பட்டது என்று கேட்பவர் குறைவு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தை மாற்றாமல் விட்டால், எந்தச் சுழியும் அந்தக் காலைக் காப்பாற்றாது. அந்த மூன்று பொலிகுதிரைகளின் இரத்தம் முந்நூறு ஆண்டு வந்து சேர்ந்ததற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் ராத்திரி விழித்திருந்ததுதான்.

அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். தஞ்சை சரசுவதி மகாலில் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் இருக்கிறது. 1952-ல் அதை அச்சிட்டும் வெளியிட்டார்கள். குதிரையின் இலக்கணமும் நோயும் மருந்தும் படங்களோடு எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அரண்மனை நூலகத்தில் சமஸ்கிருதத்தில் இருந்த அறிவுக்கும், கடற்கரை லாயத்தில் எழுதப்படிக்கத் தெரியாமல் நின்றவருக்கும் நடுவே பாலம் கட்டப்படவில்லை. தொட்டுத் தெரிந்தவருக்கு ஏடு எட்டவில்லை. ஏடு படித்தவர் குளம்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. நம் சமூகத்தில் பல தொழில்களுக்கு நேர்ந்த கதிதான் இது. சாணி அள்ளும் வேலை என்று ஒதுக்கப்பட்ட வேலையில் அறிவு இருப்பதாகவே யாரும் எண்ணவில்லை. குதிரைக்காரரை இப்படிப் புகழ்வது, குறைந்த கூலிக்கு அவரைத் தொடர்ந்து லாயத்திலேயே கட்டிப்போடும் வேலை என்று ஒருவர் சொன்னால் அதையும் மதித்துக் கேட்பேன். கூலி உயராத புகழ்ச்சியால் யாருக்கும் பயன் இல்லை. குதிரைக்கு மாதம் பல ஆயிரம் செலவழிப்பவர், அதன் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுப்பவருக்கு ஓர் அறை, வாரம் ஒரு நாள் ஓய்வு, உதை வாங்கினால் மருத்துவச் செலவு என்று கொடுக்காமல் இருப்பது அநியாயம். அறிவுள்ள வேலை என்று ஒப்புக்கொண்டால்தான் அறிவுக்குரிய சம்பளம் கேட்க வழி பிறக்கும்.

இன்று குதிரை யாருக்கு வேண்டும் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ஜட்கா வண்டி போய்விட்டது, குதிரைப்படை போய்விட்டது. ஆனாலும் புதுச்சேரித் தெருக்களில் மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட் வண்டி இழுக்கும் குதிரை இன்னும் வருகிறது. பட்டாசுச் சத்தத்துக்கும் தார்ச்சாலைச் சூட்டுக்கும் நடுவே நிற்கிறது. பக்கத்தில் ஆரோவில்லில் ரெட் எர்த் என்ற குதிரையேற்றப் பள்ளி நடக்கிறது, பிள்ளைகள் பழகுகிறார்கள். தெருவில் ஒரே ஒரு குதிரை நின்றாலும் அதன் குளம்பைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்த ஊரில் இருக்க வேண்டும்.

அதற்கான இடமும் இங்கேயே இருக்கிறது. குரும்பாபேட்டில் 1994-ல் தொடங்கிய ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி எல்லைக்குள்ளேயே இருக்கும் நிறுவனம். பட்டப்படிப்பு தன் வழியில் நடக்கட்டும். அதன் பக்கத்தில், குதிரைக்காரர்களுக்கும் சாரட் வண்டிக்காரர்களுக்கும் தமிழில், சில வாரங்களுக்குள் முடியும் ஒரு பயிற்சி வையுங்கள்: சூலையை முதல் மணியில் அறிவது, வெயிலில் வேலை வாங்கும் அளவு, குளம்பு, பல், சீம்பால், தடுப்பூசி. படித்துத் தேறியவருக்குச் சான்றிதழ் கொடுங்கள், அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு வைத்து ஆள் எடுங்கள். பண்ணை வைத்திருப்பவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். குட்டி பிறந்ததும் உங்கள் பதிவேட்டில் தகப்பன் பெயர், தாய் பெயர், நிறம், தேதி, உரிமையாளர் பெயர் எல்லாம் ஏறுகின்றன. அடுத்த குட்டியிலிருந்து, அந்த இரவு விழித்திருந்தவரின் பெயரையும் அதே வரியில் எழுதுங்கள்.